வெட்டாமல் விட்ட மூன்று மாதம்

என் அப்பாவை உழைப்பாளி என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் செத்த அன்று சிரம்பானில் எங்கள் தாமான் குடியிருப்பு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். மாலையைப் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "உழைப்பாளி மனுசன்மா, தொண்ணூத்தாறு வயசு வரைக்கும் சும்மா உக்காந்ததே இல்ல" என்றார்கள். ஆமாம், உட்கார்ந்ததே இல்லை. உட்கார வைக்கப் பார்த்துத் தோற்றுப்போனவள் நான். சாவதற்கு முந்தின நாள்கூட லோங்காங்கில் அடைத்திருந்த இலையைக் குச்சியால் தள்ளிக்கொண்டிருந்தார். சாக்கடை அள்ள ஆள் வருவான், விடுங்கள் என்று வாசலில் நின்று கத்தினேன். "அவன் வர்றப்ப வரட்டும்லா" என்றார். அது எங்கள் வீட்டு லோங்காங்கூட இல்லை, பக்கத்து வீட்டுச் சீனருடையது.

என் கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரம் அப்பாவைக் காணோம். தேடிப் போனால் கோயிலுக்குப் பின்னால் குழாயடியில் குந்தி, பந்திக்கு வாழையிலை கழுவிக்கொண்டிருக்கிறார். அதற்கென்று நாலு பேர் இருந்தார்கள். அவர்கள் சரியாகத் துடைக்கவில்லையாம். பெண்ணைப் பெற்றவர் வேட்டி முழங்கால் வரை நனைந்து மணவறைக்கு வந்ததை என் மாமியார் சாகிற வரைக்கும் சொல்லிக் காட்டினார்.

ஆறு பிள்ளைகள் பெற்றார். ஐந்து பேர் மிஞ்சினோம். எங்களை ஒரு அடி அடித்ததில்லை, கள்ளுக்கடைப் பக்கம் போனதில்லை, சம்பளத்தை அப்படியே அம்மா கையில் கொண்டுவந்து கொடுப்பார். இப்படிப்பட்ட மனிதரிடம் என்ன குறை கண்டுபிடிப்பாய் என்று என் தம்பிகள் கேட்பார்கள். எனக்கு ஒரு குறை இருக்கிறது. எண்பது வயது தாண்டியும் அது ஆறவில்லை. அது எங்கள் கடைசித் தங்கச்சியைப் பற்றியது.

நாங்கள் இருந்தது ரந்தாவுக்கும் கோலா சாவாவுக்கும் நடுவில் ஒரு ரப்பர் தோட்டம். அப்பா பால்மரம் வெட்டுகிறவர். ஒவ்வொருவருக்கும் ஒரு நிரை மரம் உண்டு, விடிந்ததும் அவரவர் நிரைக்குப் போய்ப் பட்டையைச் சீவி மங்கு என்கிற கிண்ணத்தில் பால் இறக்க வேண்டும். அப்பாவின் நிரையில் முந்நூறு மரத்துக்குக் குறையாது. பாதி மேட்டில், பாதி கீழே ஆற்றோரத்தில். அந்த மரங்களுக்கு முதல் வெட்டு வெட்டியவரே அவர்தான். உளி ஒரு நூல் ஆழமாகப் போனால் மரத்தில் காயம் விழும். காயம் பட்ட இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், மறுபடி அங்கே உளி ஓடாது. பதினோரு வருஷத்தில் அப்பாவின் மரம் ஒன்றில்கூடக் காயம் கிடையாது. புதிதாக வெட்டப் பழகுகிறவர்களை வேலையை மேற்பார்க்கிற மண்டோர் கூட்டி வந்து, "இந்த மரத்தப் பாருங்கடா" என்று காட்டுவார். அப்பாவுக்குப் பெருமை தாங்காது. எங்கள் ஆறு பேர் முழங்காலிலும் காயம் இருந்தது. அதைப் பார்க்க அவருக்கு நேரம் இருந்ததில்லை.

ஜப்பான்காரன் வருகிறான் என்று கேள்விப்பட்டதும் தோட்டத்தின் வெள்ளைக்காரத் துரை பெட்டியெல்லாம் காரில் ஏற்றிக்கொண்டு தம்பின் ஊர்ப் பக்கமாகத் தெற்கே ஓடிவிட்டார். நாயைக்கூட மறக்காமல் ஏற்றிக்கொண்டார். அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும், தொழிலாளர் லயத்தில் இருந்த இருநூறு பேரில் இவர் ஒருவர். ஆனால் அப்பாவின் நடத்தையைப் பார்த்தால் துரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு, மரத்தையெல்லாம் உன்னை நம்பித்தான் விட்டுப் போகிறேன் என்று அழுதுவிட்டுப் போனது போல இருக்கும். பால் வாங்க ஆள் இல்லை. புகைக்கூடத்தின் தகரத்தைக்கூடக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இவர் ஒருநாள் விட்டு ஒருநாள் உளியைத் தீட்டி எடுத்துக்கொண்டு கிளம்புவார்.

அப்போது தோட்டத்துக்குக் கணக்கு எழுதும் பெரிய கிராணிதான் எல்லாம். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், பொறுமைசாலி. ஒருநாள் அப்பாவை வழியில் மறித்து, "யாருக்காகப்பா வெட்டுறாய்?" என்று கேட்டார்.

"மரம் பழக்கம் விட்டுப் போயிடுங்கய்யா" என்றார் அப்பா.

கிராணி தலையில் அடித்துக்கொண்டு போனார். பிறகு வெட்டுவதை நிறுத்தச் சொல்லிக் கண்டிப்பாக உத்தரவு போட்டார். அப்பா வெட்டுவதை நிறுத்தினார். நிரைக்குப் போவதை நிறுத்தவில்லை. மங்கு துடைப்பார், லாலான் புல்லைப் பிடுங்குவார், மரத்தில் ஏறும் கொடியை அறுத்துவிடுவார். அம்மா அடுப்படியில் இருந்தபடி பாத்திரங்களோடு பேசுவாள். "சோத்துக்கு வழி இல்ல, தொரை மரத்துக்குக் குளிப்பாட்டப் போறாரு" என்பாள்.

தோட்டத்திலிருந்து சயாமுக்கு ரயில் பாதை போடப் போனவர்கள் கதை வேறு. அதைச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லட்டும். அப்பா போகவில்லை. ஆள் எடுக்க வந்த வாரம் அவர் குளிர்காய்ச்சலில் கிடந்தார், வந்தவன் பார்த்துவிட்டு இது தேறாது என்று விட்டுவிட்டான். வாழ்நாளில் அவர் படுத்துக்கிடந்து ஒரு பிரயோசனம் வந்தது என்றால் அந்த ஒரு தடவைதான்.

அரிசி நின்றுபோய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. காலையில் கிழங்கு, மத்தியானம் கிழங்கு, ராத்திரி கிழங்கு அவித்த தண்ணீர். மரவள்ளிக் கிழங்கை எத்தனை விதமாகச் சமைத்தாலும் அது மரவள்ளிக் கிழங்குதான். அந்தச் சமயத்தில்தான் ஜப்பான்காரன் உத்தரவு வந்தது. ரப்பர் மரத்தை வெட்டிச் சாய்த்துவிட்டு நெல்லும் பயறும் போட வேண்டும். அவரவர் நிரையில் வெட்டித் திருத்துகிற நிலம் அவரவருக்கு, விளைச்சலில் ஆபீசுக்கு ஒரு பங்கு கொடுத்தால் போதும். லயத்தில் எல்லாருக்கும் கொண்டாட்டம். அம்மாவுக்கு அதைவிட. ஏனென்றால் தோட்டத்திலேயே நல்ல மண் எங்கள் நிரையின் கீழ்ப்பாதிதான். ஆற்றோரம், கறுப்பு மண், கையால் கிளறினால் ஈரம் வரும். வெட்ட வேண்டியது நூற்றுப் பன்னிரண்டு மரம்.

மறுநாள் காலையில் அப்பா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். போனது ஆற்றோரத்துக்கு இல்லை. தோட்டத்துக்கு வெளியே, யாரும் சீண்டாத ஒரு கல்லுமேட்டுக்கு.

"மரம் இல்லாத எடமாப் பாத்துப் போட்டுக்கலாம்" என்றார்.

அந்த மேட்டில் அவர் உழைத்த உழைப்பை நான் இல்லையென்று சொல்லமாட்டேன். கல்லைப் பெயர்த்துக் கல்லைப் பெயர்த்து வரப்புக் கட்டினார். கை இரண்டும் கொப்புளம். மற்றவர்கள் மரத்தை வெட்டிச் சாய்த்து விதை போட்டு முளை பார்த்துக்கொண்டிருந்தபோது, இவர் கல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அந்த மேட்டில் என்ன வரும்? கிழங்குதான் வந்தது. அதுவும் விரல் தடிமன்.

"ஏங்க, அந்த மரம் என்ன ஒங்க அப்பன் வீட்டுச் சொத்தா?" என்று அம்மா கேட்டாள்.

"பதினோரு வருசம் வெட்டின மரம்."

"நான் ஒங்களுக்குப் பதினாலு வருசம் பொங்கிப் போட்டிருக்கேன்."

அப்பா எழுந்து போய்ப் பக்கத்து வீட்டுக் கூரையில் சரிந்திருந்த அத்தாப்பு ஓலையைச் சரி பண்ணினார். அவருக்குச் சங்கடம் வந்தால் யாருக்காவது வேலை செய்யப் போய்விடுவார். சண்டை போடக்கூட ஆள் கிடைக்காது.

இரண்டாவது மாதம் தங்கச்சிக்குக் கால் வீங்கியது. அவளுக்கு மூன்று வயது. விரலை வைத்து அழுத்தினால் குழி விழும், குழி மேலே வர நேரமாகும். நாங்கள் பிள்ளைகள் அதை ஒரு விளையாட்டாகச் செய்து பார்த்தோம். அவளும் சிரித்துக்கொண்டு காலை நீட்டுவாள். அம்மா பார்த்துவிட்டு என் முதுகில் ஒன்று வைத்தாள். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசரிடம் தூக்கிக்கொண்டு போனோம். அவரிடம் மருந்து என்று ஒன்றும் இல்லை. அலமாரியைத் திறந்தே காட்டினார். "கிழங்க மட்டும் திங்கக் குடுத்தா இப்படித்தாம்மா. கைக்குத்தல் அரிசி குடுங்க, பயறு குடுங்க. வேற எதுவும் கேக்காது" என்றார்.

இனிமேலாவது வெட்டுவார் என்று நினைத்தோம். அப்பா என்ன செய்தார் தெரியுமா, விடியற்காலையில் எழுந்து நாலு மைல் நடந்து கம்பம் என்கிற மலாய்க் கிராமம் ஒன்றுக்குப் போனார். அங்கே வயலில் நாளெல்லாம் குனிந்து வேலை செய்து, பொழுது சாயும்போது ஒரு சிரட்டை அரிசி கொண்டுவந்தார். அந்த ஒரு சிரட்டையை அம்மா தங்கச்சிக்கு மட்டும் கஞ்சி வைப்பாள். அவர்களுக்கே பற்றாத காலம், இரண்டு நாள் கூப்பிட்டால் நாலு நாள் கூப்பிடமாட்டார்கள். கூப்பிடாத நாளில் மேட்டுக்குப் போவார். கல்லுடைத்தார், கம்பத்துக்கு நடந்தார், ஆற்றில் தூண்டில் போட்டார். எந்த வேலை சொன்னாலும் செய்வார். செய்ய வேண்டிய அந்த ஒரே வேலையை மட்டும் செய்யமாட்டார். இதைத்தான் உழைப்பு என்கிறார்கள்.

மூன்றாவது மாதக் கடைசியில் பெரிய கிராணி வீட்டு வாசலுக்கே வந்தார். "இந்த வாரத்துக்குள்ள நீ வெட்டாட்டி அந்த நிலத்தை வேற ஆளுக்குக் குடுக்கச் சொல்லிப்போட்டாங்கள். பிறகு என்னைக் குறை சொல்லாத" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் அப்பா கம்பத்துக்கு நடந்ததும் அம்மா ஸ்டோரில் போய்க் கோடாலி வாங்கி வந்தாள். தங்கச்சியை என் இடுப்பில் ஏற்றிவிட்டாள். ஆற்றோரம் முதல் மரத்தின் முன்னால் நின்று சேலையை இழுத்துச் செருகினாள். அம்மா பலசாலிதான், ஆனால் அதற்கு முன் மரம் வெட்டியதில்லை. நெஞ்சு உயரத்தில் ஒரு கொத்து, இடுப்பு உயரத்தில் ஒரு கொத்து, சுற்றிச் சுற்றி எல்லாப் பக்கமும் கொத்தினாள். பட்டை பிய்ந்து தொங்கியது, பால் வழிந்து சேலையெல்லாம் பிசுபிசுத்தது. மரம் அசையவில்லை. அம்மா அழுதுகொண்டே கொத்தினாள்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. அன்றைக்குக் கம்பத்தில் வேலை இல்லையென்று திருப்பி அனுப்பிவிட்டார்கள் போலிருக்கிறது. அப்பா பாதையில் நின்றுகொண்டிருந்தார். மரத்தைப் பார்த்தார். பதினோரு வருஷமாகக் காயம் படாத மரம். எனக்குத் தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாமா என்று இருந்தது.

அப்பா கிட்டே வந்தார். "மரத்த இப்படியா கடிச்சு வக்கிறது" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "அது இந்தப் பக்கந்தான் சாயும். புள்ளைய வச்சுக்கிட்டு எங்க நிக்கிற, அங்கிட்டுப் போ" என்றார். அம்மா கையிலிருந்து கோடாலியை வாங்கினார்.

வாங்கினாரே தவிர உடனே வெட்டினாரா? இல்லை. முதலில் மரத்தில் கட்டியிருந்த கம்பியை அவிழ்த்தார், மங்கை எடுத்தார், வேட்டி நுனியால் துடைத்துத் தரையில் கவிழ்த்து வைத்தார். அதற்குப் பிறகுதான் கோடாலியை ஓங்கினார். நூற்றுப் பன்னிரண்டு மரத்துக்கும் அப்படித்தான். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு, "இந்த மனுசன நான் என்ன செய்ய" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆனால் வெட்டத் தொடங்கிய பிறகு அவர் நிற்கவில்லை. மற்ற நிரைகளில் அடிமரம் நெஞ்சு உயரம் ஒன்று, முழங்கால் உயரம் ஒன்று என்று தாறுமாறாக நிற்கும். அப்பா வெட்டிய அடிமரமெல்லாம் தரையிலிருந்து ஒரு சாண், எல்லாம் ஒரே உயரம், மழைத் தண்ணீர் தங்காமல் வழிவதற்கு எல்லாவற்றிலும் ஒரே பக்கமாகச் சரிவு. பதினைந்து நாளில் முடித்தார். நெல்லும் பயறும் விதைத்தோம். மங்குகளைக் கழுவி வீட்டுக்குப் பின்னால் அடுக்கி வைத்தார். துரை வந்து கேட்டால் கொடுக்க வேண்டுமாம்.

பயற்றங்கொடியில் பிஞ்சு இறங்கிய வாரம் தங்கச்சி செத்துப்போனாள். காலையில் எழுப்பினேன், எழுந்திருக்கவில்லை. வீக்கம் அதற்குள் வயிறு வரை ஏறியிருந்தது. குழியை அப்பாவே தோண்டினார், வேறு யாரையும் மண்வெட்டியைத் தொட விடவில்லை. குழியின் ஓரம்கூட நூல் பிடித்தது போல நேராக இருந்தது. அதைப் பார்த்தபோது எனக்கு வந்த ஆத்திரத்தை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மூன்று மாதம் முன்னால் வெட்டியிருந்தால் அவள் பிழைத்திருப்பாளா? தெரியாது. டிரசருக்கும் தெரியாது. ஆனால் மூன்று மாதம் முன்னால் பயறு காய்த்திருக்கும் என்பது எனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

எல்லாவற்றுக்கும் சண்டை பிடிக்கிற அம்மா இதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கும் பேசவில்லை, சாகிற வரைக்கும் பேசவில்லை. அறுவடை ஆகி முதல் சோறு வடித்த அன்று, ஒரு தட்டில் கூடுதலாகக் கொஞ்சம் போட்டு மூலையில் வைத்தாள். அப்பா தன் தட்டைத் தொடாமல் எழுந்து காட்டுப்பன்றிக்கு வேலி கட்டப் போனார். அந்த நெல்லில்தான் நாங்கள் ஐந்து பேர் பிழைத்தோம். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஜப்பான்காரன் போனபின் துரை திரும்பி வந்தார். சிறையில் இருந்தாராம், பாதியாக இளைத்திருந்தார். தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு எல்லாரையும் பிரட்டுக்குக் கூப்பிட்டார். காலையில் ஆட்களை நிற்க வைத்துப் பேர் கூப்பிடுகிற இடம் அது. பெரிய கிராணி முந்தின நாளே லயம் லயமாக வந்து சொல்லிவிட்டார். "யார் கேட்டாலும் ஜப்பான்காரன் வெட்டினவன் என்று சொல்லுங்கோ. பொய்யும் இல்ல, அவன் உத்தரவுதானே." எல்லாரும் அப்படியே சொன்னார்கள். துரை தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். அப்பாவின் முறை வந்தது.

"ஆத்தோர மரம் யார் வெட்டினது?" என்று துரை அவருடைய தமிழில் கேட்டார்.

"நான்தாங்க வெட்டினேன்."

கிராணி அவசரமாக, "ஜப்பான்காரன் சொல்லித்தான் வெட்டினவன், துரை" என்றார்.

"சப்பான்காரன் வெட்டியிருந்தா இவ்வளவு சுத்தமா இருக்குமாங்க" என்றார் அப்பா. "நான்தான் வெட்டினேன். நூத்திப் பன்னெண்டு. மங்கெல்லாம் வீட்டுல இருக்குங்க."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். துரை சிரிக்கவில்லை. அந்த வாரமே அப்பாவின் உளியை வாங்கி வைத்துக்கொண்டு புல்வெட்டுக்குத் தள்ளினார்கள். தோட்டத்தில் முதல் தரமாகப் பால் வெட்டியவர், கிழடுகளும் சீக்காளிகளும் செய்கிற வேலைக்குப் போனார். அந்தச் சம்பளம் ஏழு வயிற்றுக்குப் பற்றாது. மறுபடி திறந்த தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறு மாதம்கூட நான் உட்காரவில்லை, சிலேட்டை வைத்துவிட்டு அவர் பக்கத்தில் நின்று புல் வெட்டினேன். நாலு வருஷம். வாத்தியார் இரண்டு தடவை வீட்டுக்கு வந்து கேட்டுப் பார்த்தார். பிற்பாடு நானாகவே படித்துக்கொண்டேன் என்பது வேறு விஷயம். வாயைத் திறக்காமல் நின்றிருந்தால் போதும், இந்தக் கதியே வந்திருக்காது. அவர் எங்கே வாயைத் திறக்க வேண்டுமோ அங்கே திறந்ததில்லை. திறக்கக்கூடாத இடத்தில் பேர் சொல்லித் திறந்தார்.

இதை நான் அவரிடம் கேட்டது ஐம்பது வருஷம் கழித்து. அவருக்குத் தொண்ணூறு. என் மகன் எங்களையெல்லாம் காரில் ஏற்றி, போர்டிக்சனுக்குக் கடல் பார்க்கக் கூட்டிப் போனான். ரந்தாவைத் தாண்டும்போது ஒரு தோட்டத்தில் கிழட்டு ரப்பர் மரங்களை இயந்திரம் வைத்துச் சாய்த்திருந்தார்கள். வேர் பிய்ந்து மண்ணும் அடிமரமுமாகக் கிடந்தது. அப்பா கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்துவிட்டு, "என்ன வெட்டு இது" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை. "ஆமா, ஒங்க வெட்டு பெரிய வெட்டு. அந்த வெட்டப் பத்திப் பெருமை அடிச்சுத்தான் புல்வெட்டுக்குப் போனீங்க. என் படிப்பும் போச்சு. ஏம்ப்பா தொரைகிட்ட நான்தான்னு சொன்னீங்க? ஊரே சொன்னதச் சொல்லிட்டு நின்னா என்ன கொறஞ்சு போயிருக்கும்?" என்று கொட்டிவிட்டேன்.

அப்பா வெளியே பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மூணு மாசம் ஏன் வெட்டலன்னு ஒங்கம்மா ஒரு வார்த்த கேக்கல" என்றார். "நீயும் கேக்கல. ஒன் தம்பிங்களும் கேக்கல. அந்த மரத்தப் பத்தி வாயத் தொறந்து கேட்டவன் அவன் ஒருத்தன்தான். கேட்டவன்கிட்ட சொன்னேன்."

மருமகள் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பிஸ்கட் கொடுத்தாள். போர்டிக்சன் போய்ச் சேர்ந்தோம். நான் பாயை விரித்து முடிப்பதற்குள் அப்பா ஒரு பையை எடுத்துக்கொண்டு, கடற்கரையில் யார் யாரோ போட்ட குப்பையைப் பொறுக்கக் கிளம்பிவிட்டார். வெயில் கொளுத்தியது. வழக்கமாக நான் கத்துவேன். அன்றைக்குக் கத்தவில்லை.

அவர் பின்னால் நாலு எட்டு நடந்து, ஏம்ப்பா வெட்டல என்று கேட்டிருக்கலாம். பதில் என்னவாக இருந்தாலும் சரி, திட்டியாவது தீர்த்திருக்கலாம். அவர் அதைத்தான் அம்மாவிடம் எதிர்பார்த்துக் கொண்டிருந்தார், பிறகு என்னிடம் எதிர்பார்த்தார் என்பது அங்கே நிற்கும்போதே எனக்கு விளங்கியது. விளங்கியும் பாயில் உட்கார்ந்து சாப்பாட்டுக் கூடையைப் பிரித்தேன். அதற்குப் பிறகு ஆறு வருஷம் என்னோடுதான் இருந்தார். ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது அவரைப் பார்த்து, சும்மா உட்காருங்கள் என்று கத்தினேன். ஏன் வெட்டவில்லை என்று மட்டும் நான் கேட்கவில்லை.